வலை இறங்கினால் சேரும் கூட்டம்

மரைன் டேங்க், அதாவது கடல்மீன் தொட்டி, வைத்திருக்கும் யாரிடம் பேசினாலும் ஒரு கட்டத்தில் இந்த ஆசை வெளியே வந்துவிடும்: கூட்டமாகச் சுற்றுகிற மீன் வேண்டும். ஒரு ஜோடி கிளௌன் மீன், பாறைக்கு மேலே ஒரு டேங் மீன், மணலில் ஒரு கோபி மீன் என்று எல்லாம் வந்த பிறகும் தொட்டியின் நடுத்தண்ணீர் வெறுமையாகத் தெரியும். நன்னீர்த் தொட்டியிலிருந்து இந்தப் பக்கம் வந்தவர்களுக்கு ஏக்கம் இன்னும் அதிகம். சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் வாங்கி வந்த நியான் டெட்ராக்கள் செடிகளுக்கு நடுவே ஒன்றாகத் திரும்புவதைப் பார்த்துப் பழகிய கண், உப்புத் தண்ணீரிலும் அதையே தேடுகிறது. கடையில் கேட்டால் பதில் தயாராக இருக்கும். "க்ரீன் குரோமிஸ் போடுங்க சார். ஒத்தப்படையா வாங்குங்க. அஞ்சு, இல்லன்னா ஏழு."

நல்ல மீன்தான். பச்சையும் நீலமும் கலந்து, வெளிச்சம் படும் கோணத்துக்கு ஏற்ப மாறி மாறி மின்னும் உடம்பு. விலையும் மற்ற கடல் மீன்களைப் பார்க்கக் குறைவு. முதல் வாரம், கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது போல இருக்கும். சில மாதம் கழித்து அதே வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். ஏழு இருந்த இடத்தில் இரண்டோ ஒன்றோ இருக்கும். "ஒவ்வொண்ணா போயிடுச்சு" என்பார்கள். கடல்மீன் வளர்க்கிறவர்களில் இதைப் பார்க்காதவர் குறைவு. பார்த்த பிறகும், புதிதாக வருகிறவரிடம் அதே ஒற்றைப்படைக் கணக்கைத்தான் சொல்லி அனுப்புகிறோம். எனக்கு இதில் நெடுநாளாகவே ஒப்புதல் இல்லை. ஏன் இல்லை என்பதை எடுத்துச் சொல்லத்தான் வார்த்தை கிடைக்காமல் இருந்தது. ஒரு பிறந்தநாள் விழாவில் அது தெளிந்தது.

பேரனின் கேள்வி

அப்பாவின் நண்பர் ஒருவர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், ஆறடித் தொட்டி வைத்திருக்கிறார். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர், கழிவைப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர், கீழே வடிகட்டும் தொட்டியாகப் பெரிய சம்ப் என்று எதிலும் குறை வைக்காதவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அவருடைய நாளே அந்தத் தொட்டியைச் சுற்றித்தான். பேரனின் பிறந்தநாளுக்குப் போயிருந்தேன். கேக் வெட்டி முடிந்ததும் பிள்ளைகள் எல்லாம் தொட்டி முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். குரோமிஸ்கள் ஆளுக்கொரு பக்கம் திரிந்துகொண்டிருந்தன. ஒன்று அலை எழுப்பும் வேவ்மேக்கரின் ஓட்டத்துக்கு எதிரே நின்றது, இரண்டு பாறைக்குப் பின்னால், இன்னொன்று தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே. "தாத்தா, எல்லாம் சேர்ந்து போகும்னு சொன்னீங்களே?" என்று பேரன் கேட்டான்.

"இப்ப பாரு" என்று மாமா பக்கத்தில் மாட்டியிருந்த கைவலையை எடுத்து, தொட்டியின் மூலையில் மெதுவாகத் தண்ணீருக்குள் இறக்கினார். ஒரு நொடிதான். சிதறிக் கிடந்த அத்தனை குரோமிஸும் நடுவுக்குப் பாய்ந்து ஒட்டிக்கொண்டன. உடம்போடு உடம்பு உரசும் நெருக்கம். வலை இடப்பக்கம் நகர்ந்தால் கூட்டம் மொத்தமும் வலப்பக்கம் திரும்பியது. எல்லா முதுகும் ஒரே சமயத்தில் பளிச்சிட்டது. பிள்ளைகள் கை தட்டினார்கள். மாமா முகத்தில் அவ்வளவு சந்தோஷம். பேரனுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்ட நிம்மதி. அப்புறம் வலையை வெளியே எடுத்தார். கொஞ்ச நேரத்தில் கூட்டம் கலைந்தது. கலைந்ததும் அவற்றில் பெரியது திரும்பி, பக்கத்திலேயே இருந்த சிறியதைத் துரத்தத் தொடங்கியது. சிறியது, தண்ணீர் வழிந்திறங்கும் ஓவர்ஃப்ளோ பெட்டிக்குப் பின்னால் போய் ஒதுங்கிக்கொண்டது. அதன் வால் ஓரம் கிழிந்திருந்தது.

சாப்பிடக் கூப்பிட்டார்கள். எனக்கு அந்த இடத்தை விட்டு நகர மனம் வரவில்லை. வலை உள்ளே இருந்தபோது அந்தச் சிறிய மீன் கூட்டத்தின் நடுவில் இருந்தது. பெரியதும் அதன் பக்கத்தில்தான் இருந்தது, கடிக்கவில்லை, துரத்தவில்லை. இரண்டுக்கும் அப்போது ஒரே கவலை. வலை போனதும் ஒன்றுக்கு ஒன்று வேண்டாததாகிவிட்டது. நாம் காசு கொடுத்து வாங்க நினைப்பது இந்த இரண்டில் எந்த நிலையை? கை தட்ட வைத்த அந்த அழகு, மீன் பயந்திருக்கும் நேரத்தில் மட்டும் வருகிற அழகு. அதை வீட்டில் நாள் முழுக்கப் பார்க்க வேண்டுமென்றால் மீனை நாள் முழுக்கப் பயத்தில் வைக்க வேண்டும். கடைக்காரர் சொல்லும் எண்ணிக்கையில் எனக்கிருந்த உறுத்தலின் வேர் இதுதான். கூட்டமாக நீந்துவது மீனோடு சேர்த்துப் பையில் கட்டிக் கொடுக்கக்கூடிய குணம் என்று நாம் நம்பிவிட்டோம்.

தவளைகளும் பாம்பும்

1971-ல் டபிள்யூ. டி. ஹாமில்டன் என்ற பிரிட்டிஷ் உயிரியலாளர் விலங்குகள் ஏன் கூடுகின்றன என்பதற்கு ஒரு கற்பனைக் குளத்தை வைத்து விளக்கம் சொன்னார். வட்டமான குளம். உள்ளே ஒரு பாம்பு. தினமும் ஒரு நேரத்தில் அது தண்ணீரிலிருந்து தலையை நீட்டி, எது மிக அருகில் இருக்கிறதோ அந்தத் தவளையைப் பிடிக்கும். தவளைகள் எல்லாம் கரை ஓரமாக உட்கார்ந்திருக்கின்றன. தனியாக இருக்கும் தவளைக்கு இரண்டு பக்கமும் நீண்ட இடைவெளி. பாம்பு அந்த இடைவெளியில் எங்கே தலை நீட்டினாலும் அகப்படுவது அதுதான். அதனால் அது எழும்பிக் குதித்து இரண்டு தவளைகளுக்கு நடுவில் போய் உட்காருகிறது. இப்போது ஆபத்து பக்கத்துத் தவளைகள் மேல். அவையும் குதிக்கின்றன. கடைசியில் எல்லாம் குவியல் குவியலாக நெருங்கிவிடுகின்றன. இதில் எந்தத் தவளைக்கும் இன்னொன்றின் மேல் பாசம் இல்லை. தன் தலைக்கு வரும் ஆபத்தை அடுத்ததன் பக்கம் தள்ளிவிடுகிறது, அவ்வளவே.

மீன்கள் கூடுவதற்கு வேறு லாபங்களும் உண்டு. ஒரே மாதிரி இருக்கும் நூறு உடம்புகள் ஒன்றாகத் திரும்பும்போது வேட்டை மீனால் ஒன்றைத் தனியாகக் குறிவைக்க முடிவதில்லை. பல கண்கள் சேர்ந்தால் ஆபத்தும் இரையும் சீக்கிரம் தென்படும். அந்த ஒத்திசைவே தனி வியப்பு. 1976-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், சேய்த் என்ற வட அட்லாண்டிக் மீனின் கண்களைத் தற்காலிகமாக மூடிவிட்டுக் கூட்டத்தோடு விட்டார்கள். பார்வை இல்லாமலேயே அது தன் இடம் பிடித்து நீந்தியது. உடம்பின் இரு பக்கமும் ஓடும் பக்கக்கோடு, பக்கத்து மீனின் வால் தள்ளும் தண்ணீரை உணர்ந்து சொல்லிவிடுகிறது.

இப்படி வாழ்நாளின் பெரும்பகுதி கூட்டத்தை விட்டு விலகாத மீன்கள் நம் கடற்கரையிலேயே இருக்கின்றன. மத்தியும் நெத்திலியும் அந்த வகை. அவற்றை யாரும் வீட்டில் வைக்க முடியாது. கை பட்டாலே செதில் உதிரும், மூலை இருந்தால் முட்டிக்கொள்ளும், நிற்காமல் நீந்த வேண்டும். பெரிய பொதுக் காட்சியகங்களில் வட்டமான தொட்டி கட்டித்தான் வளர்க்கிறார்கள். நமக்கு விற்கப்படும் பவளப்பாறை மீன்கள் வேறு ரகம். தேவைப்பட்டால் சேரும், தேவை தீர்ந்தால் பிரியும். இந்த ஒரு வேறுபாட்டைக் கடைகளில் சொல்லிக் கொடுத்தாலே பாதி மீன்கள் பிழைக்கும் என்று நினைக்கிறேன்.

குரோமிஸ் விரிடிஸ், அதாவது நம் க்ரீன் குரோமிஸ், செங்கடலிலிருந்து பசிபிக் வரை பரவிய மீன். கிளை கிளையாகப் பிரியும் அக்ரோபோரா பவளத்துக்கு மேலே பெரிய பெரிய திரளாக நிற்கும். பகல் முழுக்க நீரோட்டம் கொண்டுவரும் மிதவை உயிர்களைக் கொத்தித் தின்னும். மேலே ஒரு நிழல் கடந்தால் மொத்தமும் கிளைகளுக்குள் புகுந்துவிடும். ராத்திரியில் அங்கேயே உறங்கும். அந்த வாழ்க்கையை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். இரை ஓடிவருகிறது, எந்த மீனும் அதைத் தனக்கென்று மடக்க முடியாது. ஒளிய இடம் ஒவ்வொன்றுக்கும் உண்டு. களவாயும் பாரையும் சுற்றி வருவதால் நெருங்கியிருக்கக் காரணமும் தினமும் உண்டு. அங்கேயும் துரத்தல் இருக்கத்தான் செய்கிறது, அதிலும் ஆண் மீன் முட்டையைக் காவல் காக்கும் காலத்தில் யாரையும் அண்ட விடாது. ஆனால் துரத்தப்பட்ட மீன் பத்து மீட்டர் தள்ளிப் போய்விடலாம்.

ஆறடிக் கண்ணாடிக்குள் இது எல்லாம் போய்விடுகிறது. இரை தினம் இரண்டு தடவை, ஒரே மூலையில், ஒரே கையிலிருந்து விழுகிறது. அந்த மூலையைப் பெரியது பிடித்துக்கொள்கிறது. வேட்டை மீன் கிடையாது. சேர்ந்திருந்து ஆவது ஒன்றுமில்லை. துரத்தப்பட்டது எங்கே ஓடினாலும் இரண்டு வால் வீச்சில் அதே பெரியதன் கண்ணில்தான் படும். பலத்தில் கடைசியில் இருப்பது முதலில் சாகிறது. அதற்கு அடுத்தது கடைசியாகிறது. ஐந்து, ஏழு என்ற ஒற்றைப்படைக்கு இங்கே எந்த வேலையும் இல்லை. மொய்ப் பணத்தில் ஒரு ரூபாய் சேர்ப்பது போல அது மனிதர்களுக்குப் பிடித்த எண். மீனுக்கு அதனால் ஒன்றும் ஆகப் போவதில்லை.

எல்லாச் சாவையும் அடிதடி கணக்கில் எழுதிவிடவும் கூடாது. குரோமிஸின் விலாவில் சிவப்பாக ஒரு புண் தெரிந்தால் அது பெரும்பாலும் யுரோனிமா. இந்த ஒற்றைச்செல் உயிர் மீன் இல்லாமலேயே தொட்டியில் பாக்டீரியாவைத் தின்று வாழக்கூடியது, அதனால் தொட்டியைச் சில வாரம் காலியாக விட்டாலும் போகாது. பிடிபட்ட இடத்திலிருந்து நம் ஊர் வரை பல கை மாறி, நெருக்கியடித்து வரும் மீனின் உடம்பில் இது சுலபமாக ஏறிவிடும். தனித்தொட்டியில் வைத்துப் பார்க்காமல் நேராகப் போட்டால், நோயில் இறந்ததா அடியில் இறந்ததா என்று பிரிக்க முடியாது. பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே வருகின்றன. அடி வாங்கி இளைத்த மீனைத்தான் நோய் முதலில் பிடிக்கும்.

எதைத்தான் வைப்பது

மாமா அன்று என்னிடம் கேட்டதும் இதுதான். சாப்பாடு முடிந்து விருந்தினர் போனபிறகு, தொட்டி முன்னால் உட்கார்ந்து நான் நினைத்ததைச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. கொஞ்ச நேரம் அந்தக் கிழிந்த வாலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்போ கூட்டமே வேணாங்கறியா?" என்றார். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வலை இல்லாதபோதும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கச் சம்மதிக்கும் மீனாகப் பார்த்து எடுங்கள் மாமா என்றேன். அப்படிப் பார்த்தால் பட்டியல் சுருங்கிவிடும்.

டாசிலஸ் இனங்களை, அதாவது மூன்று வரி டாம்செலையும் மூன்று புள்ளி டாம்செலையும், குட்டியில் பார்த்து வாங்குகிறார்கள். குட்டியாக இருக்கும்போது அவ்வளவு அழகாகச் சேர்ந்திருக்கும். வளர்ந்தால் தொட்டியில் வேறு எதையும் வாழ விடாது. கோடு போட்ட கடல் கெளுத்திக் குட்டிகள் உருண்டையாகத் திரண்டு மணலைக் கிளறிக்கொண்டு போவது கண்கொள்ளாக் காட்சி. ஆனால் அது ஓர் அடிக்கு வளரும், முள்ளில் விஷம் உண்டு, பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குச் சரிப்படாது. மோனோ என்று விற்கும் வெள்ளி மீன் உண்மையிலேயே சேர்ந்து திரியும், ஆனால் அதுவும் உள்ளங்கையைத் தாண்டி வளர்ந்து ஆறடித் தொட்டியையும் சின்னதாக்கிவிடும். இந்த மூன்றையும் வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

தயக்கம் வருவது ஆந்தியாஸிடம்தான். லயர்டெயில் ஆந்தியாஸ் கூட்டம் ஆரஞ்சுப் புகைபோலப் பாறைக்கு மேலே மிதந்து நிற்பதைப் பார்த்தவர்களுக்குக் குரோமிஸ் பிறகு கண்ணில் படாது. அதன் கூட்டம் வெறும் பயத்தால் ஆனதும் இல்லை. குடும்ப அமைப்பு அது. ஓர் ஆண், பல பெண்கள். எல்லாமே பெண்ணாகத்தான் வாழ்க்கையைத் தொடங்கும். ஆண் இறந்தால் பெண்களில் மேலே இருப்பது சில வாரங்களில் நிறம் மாறி, துடுப்பு நீண்டு, ஆணாகிவிடும். அதனால் வேட்டை மீன் இல்லாத தொட்டியிலும் அவற்றுக்கு ஒன்றோடொன்று தொடர்பு இருக்கிறது. ஓர் ஆணும் ஐந்தாறு பெண்களுமாக, பெரிய தொட்டியில், நிறைய ஓட்டத்தோடு வைத்தால் நன்றாக இருக்கும். இரண்டு ஆண் இருந்தால் சண்டை.

சிக்கல் வயிற்றில் இருக்கிறது. நாள் முழுக்க மிதவை உயிர்களைத் தின்று பழகிய மீன் இது. தினம் மூன்று நான்கு தடவையாவது கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். அவ்வளவு தீனி விழுந்தால் தண்ணீரில் நைட்ரேட், பாஸ்பேட் என்ற கழிவுகள் ஏறும், ஸ்கிம்மர் அதைத் தாங்க வேண்டும். மைசிஸ் என்ற உறைந்த குட்டி இறாலைத்தான் ஆசையாகத் தின்னும், பெல்லட் என்ற உலர்தீனி உருண்டைக்கு எல்லா மீனும் பழகிவிடும் என்று சொல்ல முடியாது. இருவரும் காலையில் வேலைக்குப் போய் இரவு திரும்பும் வீட்டில் இது நடக்காது. மாமா போல வீட்டிலேயே இருப்பவரால் முடியும். முடியும் என்பதாலேயே வாங்கிவிடவும் கூடாது. ஊருக்குப் போகும் நாட்களில் யார் பார்ப்பார்கள் என்பதற்குப் பதில் இருக்க வேண்டும். என் வீட்டில் அதற்குப் பதில் இல்லை. ஆகவே ஆந்தியாஸ் எங்கள் தொட்டிக்கு வரப் போவதில்லை. அதை விரும்பாமல் இல்லை, மிகவும் விரும்புகிறேன்.

பாங்காய் கார்டினலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கறுப்பு வெள்ளைக் கோடும், துடுப்பெல்லாம் வெள்ளைப் பொட்டுமாக, ஓவியம் போல நிற்கும் மீன். உலகத்திலேயே இந்தோனேசியாவின் பாங்காய் தீவுக்கூட்டத்தில் மட்டும்தான் இயற்கையாக இருந்தது. ஆண் மீன் முட்டைகளை வாயில் வைத்து மூன்று வாரம் காக்கும். பொரித்த குஞ்சுகளையும் சில நாள் வாயிலேயே வைத்திருக்கும். அந்தக் காலம் முழுக்கப் பட்டினி. வெளியே விட்ட குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து வேறு தீவுக்குப் போவதில்லை, அங்கேயே கடல் முள்ளெலியின் முட்களுக்கு நடுவே வளரும். இதனால் ஓரிடத்தில் பிடித்துத் தீர்த்துவிட்டால் வேறிடத்திலிருந்து வந்து நிரம்பாது. 2000-களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு ஆறேழு லட்சம் மீன்கள் நம்மைப் போன்றவர்களின் தொட்டிகளுக்காகப் பிடிக்கப்பட்டன என்பது மதிப்பீடு. 2007-ல் அது அழியும் ஆபத்தில் உள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டது. இவ்வளவுக்கும் பிறகு, தொட்டியில் அது கூட்டமாக வாழ்கிறதா என்றால், இல்லை. குட்டிகளாக ஆறு விட்டால் சேர்ந்திருக்கும். பருவம் வந்ததும் ஒரு ஜோடி அமைந்து மற்ற நான்கையும் கொன்றுவிடும். தொட்டியில் பொரித்த ஒரு ஜோடியை வாங்கி ஜோடியாகவே வைப்பதுதான் அதற்கு நாம் செய்யும் மரியாதை. கூட்டத்துக்காக அதை வாங்குவது எனக்குப் பொறுக்க முடியாத விஷயம்.

அசையாமல் நிற்கும் மீன்

கடைசியாக எஞ்சுவது பைஜாமா கார்டினல். மஞ்சள் கலந்த பச்சைத் தலை, சிவப்புக் கண், நடுவில் கருப்புப் பட்டை, பின்பாதியில் சிவப்புப் புள்ளிகள். மூன்று வேறு மீன்களை ஒட்டவைத்தது போல இருக்கும். மூன்று, மூன்றரை அங்குலம் வளரும். கடலில் கிளைப்பவளத்தின் நடுவே திரளாகப் பகலைக் கழித்துவிட்டு, இருட்டிய பிறகு பிரிந்து இரை தேடப் போகும். தொட்டியிலும் இதையேதான் செய்கிறது. அவற்றுக்குள்ளும் பெரியது சிறியது என்ற வரிசை உண்டு, இடம் மாறினால் ஒரு முட்டு முட்டும். ஆனால் துரத்திக் கொல்லும் அளவுக்கு எங்கள் தொட்டியில் ஒருநாளும் போனதில்லை. நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் உள்ள தொட்டி, ஆறு மீன்கள். அவை சேர்ந்து நிற்க வலை தேவைப்படவில்லை. அவை சேர்ந்திருப்பது ஒளிவதற்கும் ஓய்வதற்கும். ஓட்டமும் சாட்டமும் அவற்றின் பகலில் இல்லை. அதனால்தான் கண்ணாடிக்குள் வந்த பிறகும் அந்தப் பழக்கம் அவற்றுக்கு மிச்சம் இருக்கிறது என்பது என் எண்ணம்.

இதைப் பரிந்துரைத்தால் பலருக்கு முகம் சுருங்கும். "அது சும்மா நிக்குமே?" என்பார்கள். ஆமாம், நிற்கும். ஒரே திசையைப் பார்த்து, ஒன்றிலிருந்து ஒன்று ஒரு விரல் தூரத்தில், துடுப்பை மட்டும் அசைத்துக்கொண்டு நிற்கும். ஓட்டம் கொஞ்சம் கூடினால் எல்லாம் ஒன்றாக ஒரு சாண் பின்னால் நகரும், திரும்ப முன்னால் வரும். இதைப் பார்க்கக் கண்ணுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். பரபரப்பாகத் திரும்புவது மட்டும்தான் கூட்டம் என்று காணொளிகள் நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கின்றன. சூறை மீனும் சுறாவும் தாக்கும்போது எடுத்த காட்சிகள் அவை. நம் வீட்டு ஹாலுக்கு அந்தச் சூழலைக் கொண்டுவர வேண்டிய அவசியம் என்ன? அமைதியாக நிற்கும் ஆறு மீன்கள், தாம் நிற்கும் இடம் பத்திரமானது என்று நம்புகின்றன. அந்த நம்பிக்கையைப் பார்ப்பது எனக்கு அந்தப் பளிச்சிடலைவிடப் பெரிய சந்தோஷம். வெள்ளை விளக்கு அணைந்து நீல விளக்கு மட்டும் எரியும் நேரத்தில் ஒவ்வொன்றாகப் பிரிந்து மணலுக்கு மேலே இறங்கும். நான் முக்கியத் தீனியை அந்த நேரத்தில்தான் போடுகிறேன்.

இன்னும் சிறிய மீன் வேண்டுமென்றால் இழைத்துடுப்புக் கார்டினல் இருக்கிறது, கண்ணாடி போன்ற உடம்போடு. பத்துப் பன்னிரண்டு வைத்தாலும் ஒன்றையொன்று சட்டை செய்யாது. ஆனால் மெல்லிய மீன். பெரிய மீன் உள்ள தொட்டியில் இரையாகிவிடும், பயணத்தில் நிறைய இறக்கும். அதை வாங்குவதாக இருந்தால் கடையில் வந்து இரண்டு வாரம் தாண்டிய மீனாக, கண் முன்னால் தின்று காட்டிய பிறகு வாங்குங்கள்.

எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியையும் விட முடியாது. பிலிப்பைன்ஸிலும் இந்தோனேசியாவிலும் சயனைடு கரைசலைப் பவளத்துக்குள் பீய்ச்சி மீனை மயக்கிப் பிடிக்கும் வழக்கம் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. ஒளிந்துகொள்ளும் சிறிய மீன்கள்தான் இதில் அதிகம் சிக்குகின்றன. மீன் பிழைத்தாலும் பவளம் வெளுத்துப் போகும். தொட்டியில் பொரித்த மீன் கிடைத்தால் கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தாவது அதைத்தான் வாங்க வேண்டும். மண்டபத்தில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையத்தில் கிளௌன் மீன்களையும் சில டாம்செல் வகைகளையும் பொரித்து வளர்க்கும் முறையை உருவாக்கியிருக்கிறார்கள். கிளௌனுக்கு இந்த வழி நன்றாகவே திறந்துவிட்டது. கார்டினல்களில் முட்டையை வாயில் காக்கும் பழக்கம் இருப்பதால் வீட்டிலேயே குஞ்சு வருகிறது என்றாலும், பைஜாமாவின் குஞ்சுகள் பாங்காயினுடையதைப் போலப் பெரிதல்ல. ரோட்டிஃபர் என்ற கண்ணுக்கு எளிதில் தெரியாத நுண் இரையை வளர்த்துக் கொடுக்கும் அளவுக்கு உழைப்பு வேண்டும்.

மாமா புதிதாக எதுவும் வாங்கவில்லை. இருக்கிற குரோமிஸ்களை முதலில் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அது சரியான முடிவு என்று நினைத்தேன். தீனியை இரண்டு ஓரத்திலும் ஒரே நேரத்தில் போட ஆரம்பித்தோம், ஒரு பக்கம் அவர், மறுபக்கம் பேரன். உயிருள்ள பவளத்தை நம் கடலிலிருந்து எடுப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், எடுக்கவும் கூடாது. அதனால் செராமிக் கிளைகளை எபாக்ஸி வைத்து ஒட்டி, விரல் நுழையும் இடைவெளிகளோடு நடுவில் ஒரு புதர் போலச் செய்தார். பெரியது துரத்துவதை நிறுத்தவில்லை. சிறியதுக்கு ஒளிந்து எட்டிப் பார்க்க இடம் கிடைத்தது, தின்னக் கிடைத்தது, வால் வளர்ந்துவிட்டது.

மூன்றடித் தொட்டிக்குக் கூட்டமாக எது வைக்கலாம் என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: எதுவும் வேண்டாம். ஒரு ஜோடி கிளௌன், ஒரு கோபி, கூடவே அதோடு சேர்ந்து வாழும் பிஸ்டல் இறால். அதுவே நிறைந்த தொட்டி. நாலடி இருந்தால் பைஜாமா ஐந்தோ ஆறோ, இரட்டைப்படையா ஒற்றைப்படையா என்று எண்ண வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் ஒரே கடையிலிருந்து, கிட்டத்தட்ட ஒரே அளவில் எடுங்கள். தனித்தொட்டியில் நான்கு வாரம் சேர்த்தே வையுங்கள், சேர்த்தே மாற்றுங்கள். முதல் சில நாட்கள் பகலில் ஒன்றும் தின்னாமல் நின்றால் கவலைப்பட வேண்டாம், விளக்கை அணைத்துவிட்டுப் போட்டுப் பாருங்கள்.